பயிற்சியாளர் ரஹீம்

மாணவர்களே, சையது அப்துல் ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். கால்பந்தின்மீது கொண்ட பற்றினால் பயிற்சியாளரானார். அவர் பயிற்றுவித்த இந்திய அணி, 1951-இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

பின்னர்ப் புற்றுநோய் அவரை வாட்டியது. ஆயினும் 1962-இல் ஆசியப் போட்டிக்காக அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே தலையில் காயமுற்ற தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடச் செய்தார். இறுதியாட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்து நின்றார். தென்கொரியாவை 2-1 என இந்தியா வென்றது.

மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ரஹீம் மறைந்தார். ஆசியப் போட்டியின் கால்பந்தில் அதன்பின் இந்தியா தங்கம் வென்றதில்லை.