பி.ஹெச்.டி-யைப் பாதியில் விட்டவர், ஹெச்.ஐ.வி நோயாளிகளைக் காப்பாற்றிய மருந்துகளின் கதை ஆனார்! - யார் இந்த ஜெர்ட்ரூட் எலியன்?

உதட்டோரம் கொப்புளம் வந்தா டாக்டர் எழுதிக்கொடுக்குற அசைக்ளோவிர் க்ரீம் தெரியுமா? யூரிக் ஆசிட் கூடிப்போச்சுன்னு அப்பா தினமும் போடுற அலோபியூரினால் மாத்திரை? ரெண்டுக்கும் பின்னால ஒரே பெண்தான் இருக்காங்க. ஜெர்ட்ரூட் எலியன். ஆனா, எனக்கு இதைவிட ஆச்சர்யமா தெரியுறது வேற ஒண்ணு. ஹெச்.ஐ.வி நோயாளிகளைக் கொன்ற பல தொற்றுகளுக்கான மருந்துகள், அந்த நோய்க்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே அவர் வேலை பார்த்த லேப்ல இருந்து வெளிவந்திருந்தது.

1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர் எலியன். அப்பா பல் மருத்துவர். 1929 பங்குச்சந்தைச் சரிவில் வீட்டுச் சேமிப்பு காலி. 15 வயசுல, பாசமான தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் வலியோட இறந்ததைப் பார்த்தார். அன்னைக்கே கெமிஸ்ட்ரிதான்னு முடிவு. கட்டணம் வாங்காத ஹன்டர் கல்லூரியில் சேர்ந்து, 19 வயசுல டிகிரி வாங்கிட்டார்.

அதுக்கப்புறம்தான் கஷ்டமே. மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு 15 இடங்களுக்கு விண்ணப்பிச்சார். ஒண்ணும் நடக்கல. ஒரு இன்டர்வியூல, பொண்ணு இருந்தா லேப்ல மத்தவங்க கவனம் சிதறும்னு சொல்லியே அனுப்பிட்டாங்க. சம்பளம் இல்லாம ஒரு லேப்ல வேலை, ஸ்கூல்ல டீச்சர் வேலைன்னு ஓட்டி, 1941-ல் முதுகலைப் பட்டம் முடித்தார். அதே வருஷம், கல்யாணம் செஞ்சுக்க இருந்த காதலர் இதயத்துல ஏற்பட்ட பாக்டீரியா தொற்றால் இறந்துபோனார். அதைக் குணப்படுத்தக்கூடிய பென்சிலின் புழக்கத்துக்கு வர இன்னும் கொஞ்ச காலம் இருந்துச்சு. எலியன் கடைசிவரை கல்யாணம் பண்ணிக்கவே இல்லை.

இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் ராணுவத்துக்குப் போக, லேப் கதவுகள் பெண்களுக்குத் திறந்தன. எலியனுக்குக் கிடைச்ச முதல் வேலை, மளிகைக் கம்பெனிக்கு ஊறுகாயோட புளிப்பைச் சோதிக்கிறது! 1944-ல்தான் பர்ரோஸ் வெல்கம் மருந்து கம்பெனியில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கு உதவியாளரா சேர்ந்தார். சாயங்காலம் பி.ஹெச்.டி வகுப்பு. முழுநேரமா வந்தாதான் தொடரலாம்னு ஒருநாள் கல்லூரியில் சொல்லிட்டாங்க. வேலையா, பட்டமா? வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கே என்ன பண்ணினாங்கன்னா... எந்தச் செல்லும் பெருகணும்னா டி.என்.ஏ கட்டணும். அதுக்குச் செங்கல் மாதிரி சில மூலப்பொருள்கள் வேணும். அசல் மாதிரியே இருக்குற போலிச் செங்கலைக் கொடுத்துட்டா? இல்ல, செங்கல் செய்யுற சூளையையே நிறுத்திட்டா? வேகமா பெருகுற புற்றுநோய் செல்லும் கிருமியும் மாட்டிக்கும். எதை வேணா கலக்கி, எது வேலை செய்யுதுன்னு பார்த்துட்டிருந்த காலத்துல இப்படி யோசிச்சதே புதுசு.

எலியன் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு 1953-ல் அனுமதி பெற்றது. அதுவரை அந்தக் குழந்தைகள் சில மாதம் இருந்தாலே பெரிசு. ஆனா, தீவிர சிகிச்சையில் எதிர்ப்பு சக்தி குறைஞ்ச குழந்தைகளை நியூமோசிஸ்டிஸ்ங்கிற நுரையீரல் தொற்று தாக்கிச்சு. அதைத் தடுக்க வந்தது கோட்ரைமாக்சசோல் மாத்திரை. அதுல பாதி, ஹிட்சிங்ஸ் குழுவில் பிறந்த டிரைமெத்தோபிரிம். முன்கூட்டியே கொடுத்தா தொற்று வராதுன்னு 1977-லயே, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு காட்டிடுச்சு.

நாலே வருஷம். 1981 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸில் 5 இளைஞர்களுக்கு அதே நியூமோசிஸ்டிஸ் வந்ததா அறிக்கை வெளியாச்சு. எய்ட்ஸ் பத்தி உலகத்துக்குத் தெரிஞ்ச முதல் செய்தி அதுதான். மருந்து கையில இருந்துச்சு. தடுக்கும்ங்கிற ஆதாரமும் இருந்துச்சு. ஆனா, ஹெச்.ஐ.வி நோயாளிகளுக்கு முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுங்கன்னு அமெரிக்க அரசு வழிகாட்டுதல் வந்தது 1989-ல். எட்டு வருஷம்! நடுவுல எத்தனை பேர் மூச்சுத்திணறிச் செத்திருப்பாங்கன்னு நினைச்சா கோபம்தான் வருது.

மூளையைத் தாக்குற டாக்ஸோபிளாஸ்மா தொற்றுக்குக் கொடுக்குற பைரிமெத்தமினும் அதே லேப் சரக்குதான். ஹெர்பிஸ் புண்களுக்கான அசைக்ளோவிர், எலியன் தலைமையில் நடந்த வேலை. வைரஸ் புகுந்த செல்லுக்குள்ளதான் அது விழிச்சுக்கும். மத்த செல்களைப் பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது. வைரஸுக்கு மருந்தே கிடையாதுன்னு பலர் நம்பிட்டிருந்த நேரம் அது.

1983-ல் ரிட்டயர் ஆனாலும் ஆலோசகரா லேபுக்கு வந்துட்டே இருந்தார். அவரிடம் பழகினவங்கதான் ஹெச்.ஐ.வி-க்கு மருந்து தேட ஆரம்பிச்சாங்க. புற்றுநோய்க்காக 1964-ல் வேறொருத்தர் செஞ்சு, தோத்துப்போய்க் கிடந்த ஏ.இசட்.டி சிக்கிச்சு. 1986-ல் 282 நோயாளிகளிடம் பரிசோதனை. வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 19 பேர் இறந்தாங்க, ஏ.இசட்.டி சாப்பிட்டவங்கள்ல ஒருத்தர். பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்தி எல்லாருக்கும் மருந்து கொடுத்தாங்க. 1987 மார்ச்சில் அனுமதி. இதுக்கான பெருமையை எலியன் தனக்கு எடுத்துக்கல. செஞ்சது அவங்க, நான் முறையைச் சொல்லிக்கொடுத்தேன் அவ்வளவுதான்ங்கிறதுதான் அவர் நிலை.

ஒரு விஷயத்தை இங்கே தாண்டிப் போக முடியாது. வருஷத்துக்குச் சுமார் 10,000 டாலர்னு அந்த மருந்துக்கு விலை வெச்சது அவரோட கம்பெனிதான். 1989-ல் போராட்டக்காரர்கள் நியூயார்க் பங்குச்சந்தைக்குள்ளேயே புகுந்தாங்க. சில நாள்ல விலை 20% இறங்குச்சு. அதோட, வைரஸ் சீக்கிரமே தப்பிக்கக் கத்துக்குச்சு. தனியா ஏ.இசட்.டி போதாது, மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கணும்ங்கிறது உறுதியாகி, நிலைமை மாறினது 1996-லதான்.

1988-ல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக்கோட சேர்ந்து எலியனுக்கு மருத்துவ நோபல். மறுவருஷம் அவர் பி.ஹெச்.டி-யை விட்ட அதே கல்லூரி, கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துச்சு. 1999 பிப்ரவரியில், 81 வயசுல இறந்தார்.

நம்ம ஊர் அரசு ஏ.ஆர்.டி மையங்கள்ல, எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சு வர்றவங்களுக்கு ஹெச்.ஐ.வி மாத்திரையோட கோட்ரைமாக்சசோலும் இன்னைக்கும் இலவசமா கொடுக்குறாங்க.