உராய்வை அளந்த பொறியாளர்

மின்னூட்டத்தை அளக்கும் அலகின் பெயர் கூலூம். அப்பெயருக்கு உரியவர் பிரான்சு நாட்டு அறிஞர் சார்லஸ் அகஸ்டின் டி கூலூம். மின்னியலில் புகழ் பெறுவதற்கு முன்பே அவர் உராய்வை ஆராய்ந்து பரிசு பெற்றவர் என்பதைப் பலரும் அறியார்.

கூலூம் 1736ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் அங்கூலேம் நகரில் பிறந்தார். பொறியியல் பயின்று 1761இல் படைப்பொறியாளர் ஆனார். 1764இல் மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் பெரும்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வெப்பநாட்டுக் காய்ச்சல் அங்கு உழைத்தோர் பலரின் உயிரைப் பறித்தது. கூலூமும் பன்முறை நோயுற்றார். 1772இல் நலங்குன்றிய உடலோடு தாயகம் திரும்பினார். ஆயினும் அவரது ஆய்வு வேட்கை குன்றவில்லை.

அக்காலப் பொறியாளர்கள் கப்பி, சாய்தளம் முதலியவற்றின் ஆற்றலைத் தாளில் கணக்கிட்டனர். செயலில் அக்கணக்குப் பொய்த்தது. செலுத்திய விசையின் ஒரு பகுதியை உராய்வு விழுங்கியதே காரணம். கட்டி முடித்த கப்பலைச் சரிவான மரப்பாதை வழியே நீரில் இறக்குவர். உராய்வு மிகுந்தால் கப்பல் நகராது. மிகக் குறைந்தால் கட்டுக்கடங்காமல் பாயும். ஆகவே, பாரிசு அறிவியல் கழகம் உராய்வை ஆராய்வோர்க்குப் பரிசு அறிவித்தது.

1779இல் ரோஷ்ஃபோர் துறைமுகப் பகுதிக்குப் பணியின் பொருட்டுச் சென்ற கூலூம், அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். உறுதியான மரமேடையின்மேல் சுமையேற்றிய சறுக்குப்பலகையை வைத்தார். அதில் கட்டிய கயிற்றைக் கப்பியின்மேல் செலுத்தி, மறுமுனையில் எடைத்தட்டைத் தொங்கவிட்டார். எவ்வளவு எடை இட்டால் பலகை நகர்கிறது எனக் குறித்தார். பின்னர் மரத்தின்மேல் மரம், மரத்தின்மேல் இரும்பு, இரும்பின்மேல் பித்தளை எனப் பரப்புகளை மாற்றினார். விலங்குக் கொழுப்பைத் தடவியும் சோதித்தார்.

சுமை இருமடங்கானால் உராய்வும் ஏறத்தாழ இருமடங்காகிறது. தொடும் பரப்பின் அளவு பெரிதும் பொருட்டன்று. 1699இல் அமோந்தோன் என்பார் கூறிய இவ்விதிகளைக் கூலூம் பெருஞ்சுமைகளைக் கொண்டு சோதித்து உறுதிப்படுத்தினார். ஓய்விலிருக்கும் பொருளை நகரத் தொடங்கச் செய்வதற்கே மிகுந்த விசை வேண்டும். நகர்ந்தபின் குறைந்த விசை போதும். மரத்தின்மேல் மரம் சில நிமிடங்கள் அசையாதிருந்தால் பிடிப்பு மிகுகிறது. உலோகத்தின்மேல் உலோகம் அவ்வாறு மாறுவதில்லை. இவ்வாறு ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தன்மை உண்டு என்பதை அளந்து காட்டினார்.

1781இல் அவரது ஆய்வு பரிசு பெற்றது. அவ்வாண்டே அறிவியல் கழகத்தின் உறுப்பினரும் ஆனார். 1785இல் மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையின் விதியை வெளியிட்டார். 1806ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் பாரிசில் மறைந்தார்.

கேரம் பலகையில் மாவு தூவுவது உராய்வைக் குறைப்பதற்கு. காலணியின் அடியில் வரிகள் அமைப்பது அதை மிகுப்பதற்கு. எங்கே குறைப்பது, எங்கே மிகுப்பது என அறிவதற்கு அளந்து பார்க்கும் பொறுமை வேண்டும். நோயுற்ற உடலோடும் அப்பொறுமையைக் கைவிடாதவர் கூலூம்.

பயிற்சி

1. பொறியாளர்களின் கணக்குப் பொய்த்தது ஏன்?
2. கூலூம் உராய்வை அளந்த முறையை உம் சொற்களில் எழுதுக.
3. ஒரு புத்தகத்தில் நூல் கட்டி, வழவழப்பான தரையிலும் போர்வையின்மேலும் இழுத்துப் பார்க்க. எதில் மிகுந்த விசை வேண்டியிருந்தது? காரணம் எழுதுக.