தமிழில் மருத்துவம் தந்த டாக்டர் கிரீன்

பிணியுற்றவருக்கு மருந்து எத்துணை இன்றியமையாததோ, அவர் தம் நோவைத் தாய்மொழியில் சொல்லக் கேட்கும் செவியும் அத்துணை இன்றியமையாதது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தோர் இதனை நன்கறிவர். லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் மரம் சீவிய நம் முன்னோர், காய்ச்சல் கண்டாலும் காயம் பட்டாலும் முதலில் நாடியது தோட்டத்து டிரெஸ்ஸரைத்தான். அவர் தமிழில் நலம் விசாரித்தபோதே பாதி நோய் தணிந்தது. இவ்வுண்மையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்து, அதற்கெனவே வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த இவர், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். சொந்த நாட்டில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். எனினும், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியோடு மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். தாம் ஒருவரே எத்தனை பேரைக் காக்க இயலும்? ஊர்தோறும் ஒரு மருத்துவர் உருவாக வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கிலம் கற்றுத் தேறியவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமம் மருத்துவரின்றியே கிடந்தது. இதனைக் கண்ட கிரீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவர்கள் மேனாட்டு உடைக்கு மாறாமல் தம் மக்களோடு மக்களாக வாழ வேண்டுமென்றும் விரும்பினார்.

கற்பிக்க நூல் வேண்டுமல்லவா? தாமே தமிழ் கற்று, மாணவர் துணையோடு மொழிபெயர்ப்பில் இறங்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. தமிழ்ச் சொல் உள்ள இடத்தில் தமிழையும், இல்லாத இடத்தில் வடசொல்லையும், இரண்டும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியிலும் வழங்கினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழி கற்றவர்களே.

அவர் தம் சமயத்தைப் பரப்பவும் வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானும் அவதரித்தார். மானிப்பாயில் மருத்துவக் கல்வி தொடங்கிய அதே 1848இல்தான் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றனர். தமிழருக்கு அறிவு தமிழில் வர வேண்டும் என்பதில் ஒருமித்தனர்.

உடல்நலம் குன்றி 1873இல் கிரீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். 1884 மே 28ஆம் நாள் மறைந்தார். தம்மைத் தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவராகவே கல்லறையில் குறிக்க வேண்டுமென்பது அவரது விருப்பம், அவ்வண்ணமே குறிக்கப்பட்டது. தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. மானிப்பாய் மருத்துவமனை மட்டும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, நம் பெரியவர்கள் இன்று பட்டணத்துத் தாமான்களில் வாழ்கின்றனர். அரசாங்க மருத்துவமனையில், நெஞ்சு கரிக்கிறதா, அடைக்கிறதா என்று மலாயில் விளக்கத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவோர் இன்றும் உளர். சொல்லாத நோய்க்கு எந்த மருத்துவர்தான் மருந்து தர இயலும்? மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் தமிழில் நோய் கேட்கப் பழகட்டும். மருத்துவம் அறியாத இளைஞர்களும் மருத்துவ முகாமில் ஒரு முதியவர் அருகே அமர்ந்து, அவர் சொல்வதை மருத்துவருக்கு எடுத்துரைக்கலாம். அதற்குப் பொருள் வேண்டா. பொறுமை ஒன்றே போதும். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்றுச் செய்த தொண்டினை, அம்மொழியிலேயே பிறந்த நாம் செய்யத் தயங்கலாமா?