எண்ணப்படாமல் போன வாக்குகள்: பாபு ஜெகஜீவன்ராம்

1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது நம் மாவட்டத்துக்குத் தெரிந்த கதை. அடுத்த மாதம் அந்தப் பதவிக்கு வந்தவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்தான் பாபு ஜெகஜீவன்ராம். பிரதமர் நாற்காலியின் வாசல்வரை போன தலித் தலைவர்.

பீகாரில் ஆரா நகரை ஒட்டிய சந்த்வா கிராமத்தில் 1908 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். அவர் படித்த பள்ளியில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை. இவர் இந்துப் பானையில் தண்ணீர் குடித்ததால் தீண்டப்படாதோருக்கென மூன்றாவது பானை வைக்கப்பட்டது. சிறுவன் அதை உடைத்தான். மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தான். அதன்பின் மூன்றாவது பானை வரவில்லை. காசி இந்து பல்கலைக்கழகத்தில் படித்தபோது முடி வெட்டவும் ஆள் மறுத்தார்கள். பிறகு கல்கத்தா சென்று பி.எஸ்சி. முடித்தார்.

அம்பேத்கர் காங்கிரசுக்கு வெளியே நின்று போராடினார். இவர் உள்ளே இருந்து போராடினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். 1946 இடைக்கால அரசின் மிக இளைய அமைச்சர் இவர்தான். தொழிலாளர் துறை இவரிடம் இருந்தபோதுதான் 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தன. பசுமைப் புரட்சிக் காலத்தில் வேளாண்மை அமைச்சர். 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர்.

அவர் வாழ்வில் கறையும் உண்டு. 1975-ல் அவசரநிலைக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் அவரே. 1977 பிப்ரவரியில் காங்கிரசை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டார். ஜனதாவின் வெற்றிக்கு அது பெரிய துணையாக அமைந்தது. ஆனால் பிரதமர் பதவி மொரார்ஜி தேசாய்க்குப் போனது.

1979 ஜூலையில் ஜனதா உடைந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சந்திக்காமலே ஜூலை 15 அன்று மொரார்ஜி ராஜினாமா செய்தார். ஜூலை 28-ல் சரண் சிங் பிரதமரானார். அவர் பக்கம் மக்களவையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் இல்லை. இந்திரா காந்தியின் காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தந்தது. இப்படி அடுத்தவர் தோளில் நிற்பதே சிறுபான்மை அரசு. தோள் விலகினால் அரசு விழும். அந்த அமைச்சரவையின் கடைசி நாள்களில், தமிழகத் தலித் தலைவர் சத்தியவாணி முத்துவும் அதிமுக சார்பில் அமைச்சரானார். ஆகஸ்ட் 20-ல் நம்பிக்கை கோர வேண்டிய நாள். அதற்குள் இந்திரா ஆதரவை விலக்கிக்கொண்டார். நாடாளுமன்றத்தை ஒருநாளும் சந்திக்காமல், 23 நாளில் சரண் சிங் ராஜினாமா செய்தார்.

அப்போது ஜனதாவின் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் ஜெகஜீவன்ராம். ஆட்சி அமைக்க அழைக்கும்படி அவர் கோரினார். குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி அழைக்கவில்லை. சரண் சிங்கின் பரிந்துரையை ஏற்று ஆகஸ்ட் 22-ல் மக்களவையைக் கலைத்தார். கட்சித் தாவல்களுக்கு நடுவே நிலையான அரசு அமையாது என்பது ஒரு வாதம். ஆனால் பெரும்பான்மையை ஒருமுறையும் நிரூபிக்காத பிரதமரின் பேச்சை ஏற்றவர், இவருக்கு நிரூபிக்க வாய்ப்பே தராதது எப்படிச் சரி? அவருக்குப் பெரும்பான்மை கிடைத்திருக்குமா என்பது அவையில் எண்ணிப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும். எண்ணவில்லை என்பதே அநீதி.

1980 தேர்தலில் அவரையே பிரதமர் வேட்பாளராக ஜனதா நிறுத்தியது. கிடைத்தது 31 இடங்கள். ஆனாலும் சசாராம் தனித் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1986 ஜூலை 6-ல் மறையும்வரை அவர் நாடாளுமன்ற உறுப்பினர். இன்றுவரை ஒரு தலித் பிரதமராகவில்லை.

பெரும்பான்மையை ராஜ்பவனிலோ மாளிகையிலோ அல்ல, அவையில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது மாநில ஆட்சிக் கலைப்பு பற்றிய வழக்கு. ஆனால் அந்த நெறி எல்லா இடத்துக்கும் பொருந்தும். 1999-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அவையில் ஒவ்வொரு கையும் அவ்வளவு கனம்.

2009 தேர்தலுக்கு முன் பெரம்பலூர் தனித் தொகுதியாக இருந்தது. இன்று அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் வாக்காளர்கள் சிதம்பரம் தனித் தொகுதியில் இருக்கிறார்கள். அங்கிருந்து டெல்லி செல்பவரின் வாக்கு, ஓர் அரசை நிறுத்தும். ஓர் அரசை வீழ்த்தும். அந்த வாக்கை யாருக்காக, எதற்காகப் போட்டார் என்று ஊருக்கு வரும்போது கேட்பது நம் உரிமை.