ரகீம்: மிதிவண்டி வாடகை தந்த பயிற்சியாளர்

1909இல் ஐதராபாத்தில் பிறந்த சையது அப்துல் ரகீம் ஒரு பள்ளி ஆசிரியர். 1950 முதல் 1963இல் மறையும்வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணியையும் இந்தியக் கால்பந்து அணியையும் வார்த்தெடுத்தவர். 1951 தில்லி, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தா இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தியபோது அவரது நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

பதக்கங்களினும் மேலாக நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் வாழ்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை துளசிதாஸ் பலராம், பயிற்சிக்கு வர வழிச்செலவின்றித் தவித்தார். மிதிவண்டி வாடகைக்குப் பணம் தந்து அவரை வரவழைத்தவர் ரகீம். மெல்போர்னிலும் ஜகார்த்தாவிலும் பலராம் இந்தியாவுக்காக ஆடினார்.

கள்ளக்குறிச்சியின் சேரிப் பிள்ளைகளுக்கும் கல்வராயன் மலையின் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கால்களில் திறமை உண்டு. மைதானத்தை மறிப்பவை பேருந்துக் கட்டணமும், காலணியின் விலையும், தேடிவரும் ஆசிரியர் இல்லாமையுமே. ரகீம் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்ததை அரசு தன் நிதிநிலை அறிக்கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதை நாம் உரிமையாகவே கோருகிறோம்.