காவலூரில் வானம் பார்த்த வைணு பாப்பு

ஜவ்வாது மலையில் சந்தனம் உண்டு, தேன் உண்டு, சாமை உண்டு. வானத்தைப் பார்க்கும் ராட்சதக் கண் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆலங்காயம் அருகே, காவலூர் காட்டுக்குள் இருக்கும் டெலஸ்கோப்தான் அது. அதற்காக உழைத்தவர் வைணு பாப்பு.

இவர் 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத்தில் நிஜாமியா வான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். மற்றப் பிள்ளைகள் பம்பரம் விட்ட வயதில், வைணுவுக்கு டெலஸ்கோப்பே விளையாட்டுத் துணை.

வால் நட்சத்திரம்

ஐதராபாத் அரசாங்கம் கொடுத்த உதவிப் பணத்தில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1949-ம் ஆண்டு ஜூலை மாதம், வானத்தைப் படம் பிடித்த தகட்டில் புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அதற்கு இவர் பெயரும், உடன் ஆராய்ந்த போக், நியூகிர்க் ஆகியோர் பெயரும் சூட்டப்பட்டன. அப்போது இவருக்கு வயது 21!

டாக்டர் பட்டம் பெற்றார். நட்சத்திரத்தின் ஒளியைக் கொண்டே அதன் உண்மையான பிரகாசத்தைக் கணக்கிடும் வழி ஒன்றை, வில்சன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து கண்டுபிடித்தார். அமெரிக்காவிலேயே சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் தாயகம் திரும்பினார். 1960-ல் கோடைக்கானல் ஆராய்ச்சிக்கூடத்தின் டைரக்டர் ஆனார்.

காட்டுக்குள் கண்

கோடைக்கானல் சூரியனை ஆராயப் பேர்போன இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடினார். காவலூர் அகப்பட்டது. ஊர் விளக்குகளின் வெளிச்சம் இல்லாத காடு; வட வானமும் தெரியும், தென் வானமும் தெரியும்.

1968-ல் அங்கே முதல் டெலஸ்கோப் வந்தது. கண்ணாடியின் அகலம் 38 சென்டிமீட்டர்தான். கோடைக்கானல் பட்டறையில் நம்மவர்களே செய்தது அது. 1972-ல் ஜெர்மனியில் இருந்து ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10-ந் தேதி, யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பெரிய டெலஸ்கோப்பையும் விலைக்கு வாங்கிவிடலாமே? பாப்பு அதற்கு உடன்படவில்லை. நம் எஞ்சினீயர்கள் செய்து பழகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். வானத்தை ஆராய வானநூல் படித்தவர் மட்டும் போதாது. கண்ணாடி தேய்ப்பவரும், இரும்பு கடைபவரும், மின்னணுக் கருவி செய்பவரும் வேண்டும்.

7½ அடிக்கும் அதிக அகலமுள்ள கண்ணாடி! கண்ணாடிக் கட்டி ஜெர்மனியில் இருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். தலைமயிர் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் நட்சத்திரம் மங்கித் தெரியும். வருடக் கணக்கில் வேலை நடந்தது.

காணாத கண்

இதற்குள் பாப்புவின் புகழ் உலகெங்கும் பரவியது. 1979-ல் உலக வானநூல் சங்கத்துக்கே தலைவர் ஆனார். ஆனால் இருதயம் பழுதடைந்தது. ஜெர்மனியில் மூனிச் நகரில் ஆபரேஷன் நடந்தது. 1982 ஆகஸ்டு 19-ந் தேதி காலமானார். வயது 55. டெலஸ்கோப் அப்போது முடியவில்லை!

அவர் பழக்கிய கைகள் வேலையை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து, வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

பாப்பு தலைமை ஏற்று வளர்த்த இந்திய வான் இயற்பியல் நிலையம், பின்னாளில் எஞ்சினீயரிங் பட்டதாரிகளுக்கு டெலஸ்கோப் கருவிகள் செய்யும் படிப்பையே தொடங்கியது. 2023-ல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்ததும் அந்த நிலையம்தான்.