சுவடி தேடிய கர்னல் மெக்கன்ஸி

ஓலைச்சுவடிகள் இல்லையேல் நம் பூர்வாசார்யர்களின் வியாக்யானங்கள் நம்மை வந்தடைந்திரா. ஆதலின் சுவடிகளைக் காத்தவர் எக்குலத்தவராயினும் அவரை நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அவர்களுள் ஒருவர் காலின் மெக்கன்ஸி.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்த இவர், 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் சேர்ந்து சென்னை வந்தார். 1799க்குப் பின் மைசூர் ராஜ்யத்தை நில அளவை செய்தார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். சென்றவிடமெல்லாம் சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஸ்தல வரலாறுகள், நாணயங்கள் ஆகியவற்றைத் திரட்டினார்.

வியப்பு யாதெனில், நம் தேச பாஷைகளை அவர் கற்றவரல்லர். அவருக்குக் கண்ணும் செவியுமாக இருந்தவர் காவலி வேங்கட போரய்யா. அவர் 1803இல் இளவயதிலேயே மறைய, தம்பி லட்சுமய்யா அப்பணியை ஏற்றார்.

1821இல் மெக்கன்ஸி காலமானார். அவர் திரட்டியவற்றைக் கம்பெனி 10,000 பவுனுக்கு அவர் மனைவியிடம் வாங்கிற்று. பின்னர், எஞ்சிய பணியைத் தாம் நடத்துவதாக லட்சுமய்யா விண்ணப்பித்தார். சுதேசி ஒருவருக்கு அத்தகுதி இராதென்று மறுத்துவிட்டனர். பேரேடுகளோடு காலம் கழித்த நமக்கு, இது இன்னும் தீர்க்கப்படாத கடனாகவே தோன்றுகிறது.

இன்று அச்சுவடிகளுள் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அவற்றைக் காணச் செல்லும் அன்பர்கள், தொகுப்பின் மேலுள்ள மெக்கன்ஸியின் பெயரோடு அவ்விரு சகோதரர்களின் பெயரையும் சேர்த்தே நினைப்பார்களாக. நம் இல்லப் பரண்களில் உறங்கும் ஏடுகளையும் இன்றே எடுத்துப் பார்ப்போமாக.